துப்பாக்கி: வேண்டவே வேண்டாமா, வீட்டில் மட்டுமா, இடுப்பிலுமா?

அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. டல்லாஸ் புறநகரில் இருக்கும் ஒரு தம்பதி: கணவருக்கு வேலை முடிய இரவு வெகுநேரமாகிறது, இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் தைரியமாக இருக்கும் என்கிறார்; மனைவிக்கு அது வீட்டுக்குள் வருவதே பிடிக்கவில்லை. நியூ ஜெர்சியில் ஒருவர்: பக்கத்துத் தெருவில் கார் திருட வந்தவர்கள் சாவியைத் தேடி வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள், அதிலிருந்து தூக்கமில்லை. எச்-1பி விசாவில் இருக்கும் ஓர் இளைஞர்: நண்பர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

இந்தப் பயத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலம் ஓக் கிரீக் குருத்வாராவில் வழிபாட்டுக்கு வந்தவர்களை ஒருவன் சுட்டான். 2017 பிப்ரவரியில் கான்ஸஸ் மாநிலம் ஒலேத்தேயில் வேலை முடிந்து மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த இந்தியப் பொறியாளர் ஒருவர் நிறவெறியால் சுட்டுக் கொல்லப்பட்டார். இதையெல்லாம் படித்துவிட்டு "நாமும் ஒன்று வைத்துக்கொண்டால் என்ன" என்று தோன்றுவது இயல்புதான்.

சட்டமும் வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. 2008-ல் ஹெலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. 2022 ஜூனில் புரூயன் வழக்கில் அந்த உரிமை வாசலைத் தாண்டிப் பொது இடத்துக்கும் வந்தது. தனக்குத் தனிப்பட்ட ஆபத்து இருப்பதாக நிரூபித்தால்தான் உரிமம் என்ற நியூ யார்க்கின் நூறாண்டுப் பழைய விதி விழுந்தது. 2024-க்குள் 29 மாநிலங்களில் மறைத்து எடுத்துச்செல்ல உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டது. ஆனால் ஒன்றை நீதிமன்றம் அனுமதிக்கிறது என்பதும் அது என் வீட்டுக்கு நல்லது என்பதும் வேறு வேறு. இரண்டாவதைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் இது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பெற்றோர் வரும் பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போட்டிருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. மீறினால் 15 ஆண்டு வரை சிறை.

"வாங்கத்தானே கூடாது, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். கையில் எடுப்பதும் வைத்திருப்பதாகவே கணக்காகும். 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு இதிலிருந்து பிறந்ததுதான். ஃபுளோரிடாவில் மாணவர் விசாவில் படிக்க வந்தவர் அவர். கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதால் விசாத் தகுதி போய்விட்டது. அப்புறம் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், வழக்குப் பாய்ந்தது. தன் தகுதி போனது அவருக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்குக் கொஞ்சம் உதவியது. ஆனால் ஒரு பிற்பகல் பொழுதுபோக்கு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பாருங்கள். அந்த எச்-1பி தம்பிக்கு என் பதில்: வேட்டை உரிமம் இல்லாமல் போகாதீர்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், உரிமமும் பெறலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அது எவ்வளவு சிறிய தண்டனையானாலும், நாடு கடத்தப்படக் காரணமாகலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு போகும் தவறு கிரீன் கார்டுக்காரருக்கு இருபது வருட வாழ்க்கையைப் பறித்துவிடக்கூடும். கஞ்சா சட்டப்பூர்வமான மாநிலத்தில் இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வாங்கும்போது நிரப்பும் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். எந்த ஆபத்துக்காக இது: வீட்டுக்குள் நுழையும் திருடனா, குறிப்பிட்ட ஒரு மனிதரின் மிரட்டலா, பொதுவான பயமா? வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள்? சட்டச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும்? பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் வருடா வருடம் எவ்வளவு நேரமும் பணமும் தர முடியும்? அப்புறம், நம் தோலின் நிறத்தோடும் பேச்சோடும் கையில் துப்பாக்கி இருந்தால் காவலரும் அக்கம்பக்கத்தவரும் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

இவற்றில் இரண்டாவதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. காரணம் இது: 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் 27,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். சுமார் 18,000 பேர் கொலையுண்டவர்கள். அதாவது, துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தவன் கையால் நடப்பதில்லை. நாம் வாங்க நினைப்பது திருடனை நினைத்து. அது வேலை செய்வதோ பெரும்பாலும் வீட்டிலிருப்பவர்கள் மேல்.

"சரி, பொது இடத்தில் நிறையப் பேர் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம் குறையாதா" என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் முப்பது வருடமாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். 1990-களில் ஜான் லாட் குறையும் என்றார். 2004-ல் தேசிய ஆராய்ச்சி மன்றம் தரவுகளை மீண்டும் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் முடிவு சொல்ல முடியாது என்றது. 2019-ல் ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹியூ குழு, எடுத்துச்செல்லும் உரிமையைத் தளர்த்திய மாநிலங்களில் பத்தாண்டு கழித்து வன்முறைக் குற்றம் தளர்த்தாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட 13 முதல் 15 சதவீதம் கூடுதல் என்று கணித்தது. எனக்கு டோனஹியூ குழுவின் வாதம்தான் வலுவாகத் தெரிகிறது. இன்னொரு எண்ணும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு கணக்கெடுத்தபடி, 2007 முதல் 2011 வரை, உயிர் போகாத வன்முறைக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டது சுமார் ஒரு சதவீதம்தான்.

வழி 1: துப்பாக்கியே வேண்டாம்

இதற்குச் சட்டச் சிக்கல் இல்லை, விசாப் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைத்தான் ஆகப் பாதுகாப்பான வழி என்கிறது.

ஆனால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது சரியாகாது. அந்த நியூ ஜெர்சிக்காரரின் பயம் நிஜம். அதற்கு நிஜமான பதில் வேண்டும். கதவு நிலையில் பூட்டு விழும் தகட்டை மூன்று அங்குலத் திருகாணிகளால் உள்கட்டை வரை இறுக்கினால் ஒரே உதையில் கதவு திறக்காது. கார் சாவியை வாசல் மேசையில் வைக்கக் கூடாது. நகர்வை உணர்ந்து எரியும் விளக்கு, ஒலி எழுப்பும் அலாரம், உள்ளிருந்து பூட்டிக்கொண்டு 911-ஐ அழைக்க ஓர் அறை: இவ்வளவும் ஒரு நல்ல கைத்துப்பாக்கியின் விலைக்குள் அடங்கிவிடும். வெளியே போகும்போது மிளகு ஸ்ப்ரே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு. நியூ யார்க்கில் மருந்துக்கடையிலோ உரிமம் பெற்ற கடையிலோ நேரில்தான் வாங்க வேண்டும். நியூ ஜெர்சியில் புட்டியின் அளவுக்கு வரம்பு இருக்கிறது.

இந்த வழியின் மறைமுக விலையையும் சொல்லிவிடுகிறேன். காவல்துறை வர அரை மணி நேரமாகும் கிராமப்புறத்தில் தனியாக இருப்பவர், விவாகரத்துக்குப் பின் துரத்தும் முன்னாள் கணவரிடமிருந்து ஓடி வந்த பெண், இவர்களிடம் போய் "விளக்கு மாட்டுங்கள், போதும்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வழி 2: வீட்டில் மட்டும், பூட்டி

ஒரு துப்பாக்கி, அதற்கு ஒரு பெட்டகம், வெளியே எடுப்பதே ரேஞ்சுக்குப் போக மட்டும். வாங்குவது என்று முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் இங்கேயே நிற்கலாம்.

பணக் கணக்கு: நல்ல ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி 500, 600 டாலர். விரைவாகத் திறக்கும் சிறு பெட்டகம் 100 முதல் 300. அடிப்படை வகுப்பு, தோட்டாக்கள், ரேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் ஆயிரத்தைத் தாண்டும். கடையில் புதிதாக வாங்கும்போது கூடவே ஒரு கேபிள் பூட்டு தருவார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், பெரிய கம்பிவெட்டி இருந்தால் கதை முடிந்தது. இல்லினாயில் வீட்டில் வைத்திருக்கவே அடையாள அட்டை வேண்டும், நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி, கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு.

எப்படி வைப்பது என்பதில் மருத்துவர்கள் சொல்வது தெளிவு: தோட்டா நீக்கி, பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் தனியாகப் பூட்டி. "அப்படி வைத்தால் அவசரத்துக்கு எப்படி எடுப்பது" என்பார்கள். நியாயமான கேள்விதான். உண்மையான பதில், இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. பிள்ளைகள் இல்லாத, மனநலச் சிக்கல் இல்லாத வீட்டில் விரைவுப் பெட்டகம் ஏற்கத்தக்க சமரசம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அவசரத்தைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பெட்டகத்தின் எண் நம் வீடுகளில் என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். மூத்தவளின் பிறந்த தேதி, திருமண நாள், இல்லையென்றால் கைப்பேசிக்கும் வைஃபைக்கும் வைத்திருக்கும் அதே எண். பத்து வயதுப் பிள்ளை இரண்டு முயற்சியில் திறந்துவிடும். சாவிப் பெட்டகம் என்றால் சாவி பூஜை அலமாரியிலோ புடவை அடுக்கிலோ இருக்கும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கைரேகைப் பூட்டு கொஞ்சம் மேல், ஆனால் தூங்குகிற அப்பாவின் விரலைப் பிடித்து வைக்கத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அப்புறம் ஊரிலிருந்து வரும் பெற்றோர். நேரம் மாறிய தூக்கத்தில் மாமனார் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வார். மற்றவர்களை எழுப்பக் கூடாதே என்று விளக்குப் போடாமல் சுவரைத் தடவியபடி மாடிப்படி இறங்கிச் சமையலறையில் காபிக்குப் பாத்திரம் தேடுவார். மேலே படுத்திருப்பவருக்குக் கேட்பது, கீழே யாரோ நடமாடும் சத்தமும் ஏதோ உருளும் சத்தமும். பெட்டகம் இரண்டு நொடியில் திறந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த இரண்டு நொடியில் கீழே இருப்பது யார் என்று தெரிந்துவிடாது. துப்பாக்கி வாங்கும் வீட்டில் கூடவே நல்ல டார்ச் விளக்கு ஒன்று வாங்க வேண்டும், குரல் கொடுத்துக் கேட்கும் பழக்கமும் வர வேண்டும்.

ஆள் மாறிச் சுடுவது கற்பனை இல்லை. 1992-ல் லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்கு வழி தவறி வேறு வீட்டுக் கதவைத் தட்டிய 16 வயது ஜப்பானிய மாணவரை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். உரிமையியல் வழக்கில் சுமார் 6,50,000 டாலர் இழப்பீடு தரும்படி தீர்ப்பானது. நிற்கச் சொன்னது அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்றே பலரும் சொன்னார்கள். இன்னொரு நாட்டிலிருந்து வந்தவர்கள் கூடும் நம் வீடுகளில் இது நினைவில் இருக்க வேண்டும்.

மரைன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை எல்லா வகுப்புகளிலும் மனப்பாடமாகச் சொல்லித் தருவார்கள். எந்தத் துப்பாக்கியும் எப்போதும் நிரம்பியிருப்பதாகவே கொள். அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிவெடுக்கும் வரை விசையில் விரல் வேண்டாம். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். நான்காவதை அமெரிக்க வீட்டில் வைத்துப் பாருங்கள். அறைகளுக்கு இடையே இருப்பது இரண்டு பக்கமும் அட்டைபோல் மெல்லிய ஜிப்சம் பலகை. குறி தவறிய தோட்டா ஒரு சுவரோடு நிற்காது. அந்தப் பக்கத்து அறையில் யார் தூங்குகிறார்கள்?

தற்கொலை பற்றி வெளிப்படையாகப் பேசத்தான் வேண்டும். 2020-ல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்று இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத ஆண்களைவிட எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. மற்ற வழிகளில் முயல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். துப்பாக்கியால் முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை என்பதும் ஆய்வில் தெரிந்ததே. ஒரு மோசமான மணி நேரத்தைக் கடந்துவிட்டால் அந்த உயிர் மிஞ்சும். வேலை போய், விசாவைக் காப்பாற்ற அறுபது நாளுக்குள் இன்னொன்று தேட வேண்டியவர்கள், மதிப்பெண் குறைந்த பிள்ளையை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பேசும் வீடுகள், மன அழுத்தத்தை வாய்விட்டுச் சொல்லாத ஆண்கள், இதெல்லாம் நம்மிடம் இருக்கிறதே. வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு காலம் வந்தால் துப்பாக்கியை உடனே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்; பல ரேஞ்சுகளும் சில காவல் நிலையங்களும் தற்காலிகமாக வைத்துக்கொள்கின்றன. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

பெற்றோரின் சட்டப் பொறுப்பும் மாறிவிட்டது. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற சிறுவனின் தாயும் தந்தையும் 2024-ல் தனித்தனியாகக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, குறைந்தது பத்தாண்டு சிறை பெற்றார்கள்.

வழி 3: மறைத்து எடுத்துச்செல்வது

டல்லாஸ் கணவர் கேட்பது இது. இதற்காகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். 2019 டிசம்பரில் டெக்சஸின் ஒயிட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் இருவரைச் சுட்டவனை, தொண்டராகக் காவல் இருந்தவர் ஆறு நொடியில் வீழ்த்தினார். 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் பேரங்காடியில் மூவரைக் கொன்றவனை 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் நிறுத்தினார். அவர்கள் இல்லாவிட்டால் சாவு கூடியிருக்கும். இதை மறுப்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் ஒயிட் செட்டில்மென்டில் கொலையாளியை வீழ்த்தியவர் வருடக்கணக்கில் மற்றவர்களுக்குச் சுடக் கற்றுத்தந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை எப்படி வேறுபடுகிறது என்பதற்கு, நம்மவர்கள் அதிகம் வாழும் சில மாநிலங்கள்:

| மாநிலம் | எடுத்துச்செல்ல உரிமம் | பயிற்சி | வேறு மாநில உரிமம் |
|---|---|---|---|
| டெக்சஸ் | 21 வயதானவர்க்குக் கட்டாயமில்லை. விரும்பினால் 40 டாலர் | உரிமம் கேட்பவர்க்கு 4 முதல் 6 மணி நேர வகுப்பு | பெரும்பாலும் செல்லும் |
| இல்லினாய் | கட்டாயம். 5 ஆண்டுக்கு 150 டாலர் | 16 மணி நேரம் | பொதுவாகச் செல்லாது |
| நியூ யார்க் | கட்டாயம் | 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி | செல்லாது |
| நியூ ஜெர்சி | கட்டாயம் | சுடும் தேர்ச்சி காட்ட வேண்டும் | செல்லாது |
| கலிபோர்னியா | கட்டாயம் | முதல் உரிமத்துக்குக் குறைந்தது 16 மணி நேரம் | செல்லாது |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைக் கவனியுங்கள். 2013-ல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு தாய், பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்தார். போக்குவரத்துக் காவலர் நிறுத்தியதும், கைப்பையில் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். கைது. பல வருடச் சிறை காத்திருந்தது. 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அந்த வழக்கு ஓய்ந்தது. எடிசனிலிருந்து பிலடெல்பியாவுக்கு வாரம் ஒருமுறை போய்வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! கடந்து போவதென்றால் தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில், டிக்கியில் வைத்துப் போவதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

உரிமம் தேவையில்லாத மாநிலத்தில்கூட உரிமம் வாங்குவது நல்லது, அதற்குப் பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பது கூட்டாட்சிக் குற்றம். அந்த மாநிலமே தந்த உரிமம் இருந்தால் விலக்கு. உரிமம் வேண்டாத மாநிலம் என்பதால் சும்மா எடுத்துச்செல்கிறவருக்கு அந்த விலக்கு இல்லை. புறநகரில் எந்தச் சாலையில் போனாலும் ஏதோ ஒரு பள்ளியைக் கடந்துதான் போக வேண்டும்.

அப்புறம் அன்றாட வாழ்க்கை. முக்கால் கிலோ எடை இடுப்பில். தரமான உறை, அதைத் தாங்கும் தடித்த பெல்ட், மேலே தொளதொளச் சட்டை. குனிந்து செருப்பைக் கழற்றும்போது, பிள்ளையைத் தூக்கும்போது, கழிவறையில், ஒவ்வொரு முறையும் நினைவு அங்கேயே இருக்க வேண்டும். கைதவறிச் சுடுவது அதிகம் நடப்பது உறைக்குள் திரும்ப வைக்கும்போது: சட்டை நுனி விசையில் சிக்கும், அவசரத்தில் உள்ளே தள்ளுவார்கள். கைப்பையில் வைக்கவே கூடாது. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு பல்பொருள் அங்காடியில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவரைச் சுட்டுவிட்டான். அவர் உரிமம் பெற்றவர், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் வைத்துத் தைத்த பை அது.

நீதிமன்றம், கூட்டாட்சி அரசு அலுவலகம், பள்ளி, விமான நிலையச் சோதனைக்கு அப்பால் பொதுவாகக் கொண்டுபோக முடியாது. நம்மவர்கள் வேலை பார்க்கும் பெரும்பாலான நிறுவனங்களின் விதியும் அலுவலகத்துக்குள் விடாது. அப்படியானால் பகல் முழுக்கத் துப்பாக்கி எங்கே இருக்கும்? காருக்குள். திருடுபோகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு இப்போது கார்களிலிருந்து போவதுதான். அது அடுத்து எந்தக் குற்றத்தில் தலைகாட்டும் என்று யாருக்கும் தெரியாது. விமான நிலையச் சோதனையில் 2023-ல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் அதிகம் சொல்லும் காரணம் "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்". நமக்கு இன்னொன்று கூடுதல்: ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். தையலில் சிக்கிய ஒற்றைத் தோட்டாவுக்காக இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகி, திரும்பி வர முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

கடைசியாகக் காவலர். 2016 ஜூலையில் மினசோட்டாவில், உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் காரை நிறுத்திய காவலரிடம் அதைப் பணிவாகச் சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடாவில் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்திய ஒருவரை, யார் எவர் என்று தெரியாமல் வந்த காவலர் சுட்டுக் கொன்றார். அவர் செய்தது வீரம். அந்த வீரம் அவரைக் காக்கவில்லை. பழுப்பு நிறத்தில், பதற்றத்தில் ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் துப்பாக்கியோடு அந்த இடத்தில் நிற்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வழி 4: வெளியே தெரிய எடுத்துச்செல்வது

சில மாநிலங்களில் அனுமதி, இல்லினாய் போன்றவற்றில் தடை. பார்த்தாலே பயந்து விலகுவார்கள் என்பது இதற்கான வாதம். நெருக்கடியில் நடப்பது வேறு. 2016 ஜூலையில் டல்லாஸில் ஒரு பேரணியில் காவலர்கள் சுடப்பட்டபோது, தோளில் ரைஃபிளோடு சட்டப்படியே வந்திருந்த ஒருவரின் படத்தைக் காவல்துறை சந்தேகத்துக்குரியவர் என்று வெளியிட்டது. அவருக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. 2019-ல் எல் பாசோவில் 23 பேர் கொல்லப்பட்ட பிறகு வால்மார்ட்டே வாடிக்கையாளர்களை இப்படி வர வேண்டாமென்று கேட்டுக்கொண்டது. பண்ணையில், வேட்டைக்காட்டில் சரி. நகரத்தில் வாழும் தமிழருக்கு இது பொருந்தும் ஒரு சூழ்நிலைகூட எனக்குத் தோன்றவில்லை.

யாருக்கு எது

வீட்டில் பிள்ளைகளோ, மன அழுத்தத்தில் இருப்பவரோ, அதிகம் குடிப்பவரோ இருந்தால் வழி 1. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மனைவியோ கணவரோ முழு மனதோடு ஒத்துக்கொள்ளாத வீட்டிலும் அதுதான்; ஒருவர் வெறுக்கும் பொருளை இன்னொருவர் பாதுகாப்பாகப் பராமரிப்பது நடக்காது. டல்லாஸ் தம்பதிக்கு இந்த ஒரு காரணமே போதும். இரவில் வாகன நிறுத்தத்தில் வெளிச்சமான இடம், அலுவலகக் காவலரைக் கூட வரச் சொல்வது, மிளகு ஸ்ப்ரே, இவற்றை முதலில் செய்து பாருங்கள் என்றே அந்தக் கணவருக்குச் சொல்வேன்.

ஊருக்கு வெளியே தனி வீடு, பெரியவர்கள் மட்டும், மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போகும் ஆர்வம் என்றால் வழி 2. பெயர் சொல்லக்கூடிய ஒரு மனிதரிடமிருந்து மிரட்டல் இருந்து, நீதிமன்றத் தடை உத்தரவும் வாங்கி, வருடம் முழுக்கப் பயிற்சி எடுக்கவும் தயார் என்றால் வழி 3. அதையும் உரிமத்தோடு, வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டு. முன்னாள் கணவரிடமிருந்து ஓடி வந்தவர் என்று மேலே சொன்ன அந்தப் பெண்ணின் கையில் துப்பாக்கி இருப்பதை நான் எதிர்க்க மாட்டேன். குடும்ப வன்முறைக்காகத் தடை உத்தரவுக்கு உள்ளான ஆளிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-ல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியிருக்கிறது. அதைப் பயன்படுத்தி அவன் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யச் சொல்வது அவள் துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் வர வேண்டிய வேலை.

உங்களிடம் இல்லாவிட்டாலும்

நீங்கள் வழி 1-ஐ எடுத்தாலும், உங்கள் பிள்ளை விளையாடப் போகும் வீடு எடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. தோட்டா நிரப்பிப் பூட்டாத துப்பாக்கி இருக்கும் வீடுகளில் சுமார் 46 லட்சம் அமெரிக்கக் குழந்தைகள் வாழ்வதாக 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிள்ளையை முதல் முறை ஒரு வீட்டுக்கு அனுப்பும்போது கேளுங்கள். நமக்குக் கூச்சம் அதிகம், தப்பாக நினைப்பார்களோ என்று விட்டுவிடுவோம். நிலக்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்லும் அதே தொனியில், அதே அழைப்பில் கேட்டுவிடலாம்: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?" அமெரிக்கப் பெற்றோருக்கு இது பழகிய கேள்விதான். துப்பாக்கியைப் பொறுப்பாக வைத்திருப்பவர் எங்கே, எப்படிப் பூட்டியிருக்கிறார் என்று உடனே சொல்லிவிடுவார். மழுப்பினாலோ கோபித்தாலோ, அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு விளையாட அழைத்துக்கொள்ளுங்கள்.